மாதா பாய்

புதுச்சத்திரத்திலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் குலுங்க வேண்டும். ஆனால் கடலின் நாற்றம் மட்டும் ரஞ்சிதாவுக்கு எட்டு வருசப் பழக்கம். அவள் வேலை பார்க்கும் வரைபட ஆபீஸ் மாடியில் இருந்தது. கீழே கோழித்தீவன மில். மக்காச்சோளம், சோயா, தவிட்டோடு வாரம் ஒரு லோடு கருவாடும் வந்து இறங்கும். மனுசன் தின்கிற கருவாடு அல்ல. வலையில் தப்பித்தவறி மாட்டிய குஞ்சும் குறுணியும் எங்கோ ஒரு கரையில் காய்ந்து, சாக்கில் ஏறி, நாமக்கல் கோழிக்கு இரையாக வருவது. லோடு இறங்கும் நாளில் ரஞ்சிதா ஜன்னலைச் சாத்திவிட்டு, துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள்.

மில்லில் கருவாடு பொறுக்குகிற அங்கம்மாளுக்கு இதைப் பார்த்தாலே சிரிப்பு. சாக்கைக் கொட்டி, அரவைக்குப் போகுமுன் கல், கயிறு, வலைத்துண்டு, தக்கை எல்லாவற்றையும் பொறுக்கி எறிவது அவள் வேலை. "முட்டை மட்டும் மணக்குது, கருவாடு நாறுதாக்கும்?" என்று ரஞ்சிதா படியேறும்போதெல்லாம் சீண்டுவாள்.

ஆபீஸ் முதலாளி மணிமாறன் முன்னே போர்வெல் ரிக் வண்டிகளுக்கு ஏஜெண்டாக இருந்தவர். அந்தத் தொழில் படுத்ததும் நாலு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, நில அளவைப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் வேலையைப் பிடித்தார். ராசிபுரம், தம்மம்பட்டி பக்கத்துப் புலப்படங்கள் பாதி ரஞ்சிதாவின் விரல் வழியாகத்தான் போயிருக்கும். வரப்பைக் கோடாக இழுத்து, பட்டா எண் போட்டு, யார் அனுபவிக்கிறார்கள், என்ன பயிர் என்று கட்டங்களை நிரப்ப வேண்டும். மணிமாறனுக்கு ஒரே ஒரு சட்டம்தான். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. காலிக் கட்டம் இருந்தால் மேலிடத்தில் ஃபைலை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பேர் இல்லையா, பயிர் இல்லையா, தரிசு என்று போடு. மறுபேச்சு கிடையாது. எட்டு வருசத்தில் ரஞ்சிதா எத்தனை ஆயிரம் தரிசு போட்டிருப்பாளோ, அவளுக்கே தெரியாது.

அந்த ஆபீசுக்குப் போய்க் கடல் வேலை வந்தது என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். வந்தது. கடலையும் நிலம் போலப் பிரித்து, இது கப்பல் போகிற வழி, இது மீன்பிடிக்க, இது காற்றாலைக்கு, இது உயிரினங்களுக்குப் பாதுகாப்பான இடம் என்று கோடு போடும் பெரிய திட்டம் ஒன்றை சென்னைக் கம்பெனி ஒன்று எடுத்திருந்தது. மீனவ ஊர்களில் கூட்டம் போட்டு, ஜனங்களையே சார்ட் பேப்பரில் தங்கள் கடலை வரையச் சொல்லியிருந்தார்கள். அப்படி வரைந்த நாற்பத்திரண்டு சார்ட்டுகள் சுருட்டிக் கட்டி, ஆடி மாசக் காற்றில் புழுதியோடு புழுதியாகப் புதுச்சத்திரம் வந்து சேர்ந்தன. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்றார் மணிமாறன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

முப்பத்தேழாவது சார்ட் கொம்படித்துறை என்கிற ஊருடையது. அது ரஞ்சிதாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அதுதான் இருந்ததிலேயே அழகு. மாதா கோயிலைக் கோபுரத்தோடு வரைந்திருந்தார்கள். நண்டு, முரல், திருக்கை என்று மீனையெல்லாம் படமாகப் போட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். கரைக்கும் ஆழத்துக்கும் நடுவே, ஆட்டுத் தொடை மாதிரி ஒரு வடிவம். அதற்கு மட்டும் பச்சைக் கிரேயானைத் தேய்த்துத் தேய்த்து, தாளே கிழியும் அளவுக்கு நிறம் ஏற்றியிருந்தது. உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு மீன், பக்கத்தில் 'ஓரா' என்று பேர். மேலே 'மாதா பாய்' என்று எழுதியிருந்தது. மற்ற இடங்களுக்கெல்லாம் எந்த ஊர்ப் படகு, எந்த வலை, எந்த மாசம் என்று குறித்திருந்தவர்கள் இதற்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

கட்டம் கேட்டது: பயன்படுத்துவோர்? பதில் இல்லை. பயன்பாடு? பதில் இல்லை. சார்ட்டின் ஓரத்தில் 'சந்தேகம் இருந்தால் கூப்பிடவும், இன்பமேரி' என்று ஒரு போன் நம்பர் இருந்தது. ரஞ்சிதா அதைப் பார்த்தாள். மணி ஐந்தே முக்கால். ராசிபுரம் டவுன் பஸ் ஆறுக்கு. இன்னும் ஐந்து சார்ட் பாக்கி. கை பழக்கத்தில் தானாகப் போய் ஒன்பதை அழுத்தியது. ஒன்பது என்றால் 'பயன்பாடு இல்லை'. கடல் பாஷையில் தரிசு. அவள் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள், உட்கார இடமும் கிடைத்தது.

தை பிறந்து பத்து நாள் கழித்து, அதே திட்டத்தின் வரைவு அச்சுக்கு ஒழுங்கு செய்ய அவளிடமே திரும்பி வந்தது. பக்கம் பக்கமாகப் படங்களைப் பொருத்திக்கொண்டே வந்தவள் ஆட்டுத் தொடையைக் கண்டதும் நின்றாள். பச்சை இல்லை. அதே வடிவத்தின் மேல் சாம்பல் நிறக் கட்டம், அதற்குள் சாய்கோடுகள். கீழே விளக்கம்: 'துறைமுகத் தூர்வாரலில் எடுக்கும் மண்ணைக் கொட்டும் இடம். தேர்வுக்குக் காரணம்: எவரும் பயன்படுத்தாத பகுதி.' ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் கெடு என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பீரோவைத் துழாவிப் பழைய சார்ட்டை எடுத்து, அந்த நம்பரைக் கூப்பிட்டாள். ஆறு மாசம் முன்னால் கூப்பிட்டிருக்க வேண்டிய நம்பர்.

"கொம்படித்துறை இன்பமேரி அக்காளுங்களா? நான் புதுச்சத்திரத்துல இருந்து பேசறனுங்க. உங்கூரு மேப்பை ஏத்துனது நான்தானுங்க."

"எந்த ஊரு? சரி, சொல்லு தங்கச்சி." பின்னால் காற்று இரைந்தது.

"அந்தப் பச்சை போட்ட எடம், மாதா பாய்னு எழுதியிருந்தீங்கல்ல. அங்க யாரும் போறதில்லீங்களா?"

"போவோமே. மேல படகுல போவோம். வலைதான் போட மாட்டோம். அது பூரா கடல்புல்லு. ரெண்டு பாகம், ரெண்டு ஆள் ஆழத் தண்ணிக்குள்ள வயல் மாதிரி நிக்கும். மீனு அங்கதான் வந்து முட்டை போடும், குஞ்சு அங்கதான் வளரும். எங்க பாட்டன் காலத்துலேயே மாதாவுக்குன்னு நேந்து விட்டது. மாதா விரிச்ச பாய்ல யாரும் காலை வைக்கிறதில்ல. ஏன் கேக்குற?"

ரஞ்சிதா சொன்னாள். எதையும் மறைக்கவில்லை, அந்த மட்டுக்கு நேர்மைதான். ஒன்பது போட்டதையும், பஸ்ஸுக்கு நேரமானதையும்கூடச் சொன்னாள்.

"நாங்க காப்பாத்தி வச்சதத்தான் நீ யாருக்கும் வேண்டாம்னு எழுதிட்ட" என்றாள் இன்பமேரி. திட்டுகிற குரல் இல்லை. அவள் திட்டியிருந்தால் ரஞ்சிதாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ரஞ்சிதாவுக்கு மட்டும் இது புரியாத விஷயமா? அவள் அப்பன் குழந்தைவேல், ஆடு மேய்வதற்கென்றே வேலி கட்டி விட்டு வைத்திருந்த கொறங்காடு மூணு ஏக்கரை, வருசா வருசம் கிராமக் கணக்கில் தரிசு என்றுதான் எழுதினார்கள். கடைசியில் ரோடு போட ஆள் வந்தபோது, தரிசுதானே என்று முதலில் அதில்தான் கல் நட்டார்கள். அப்பன் ஆபீஸ் ஆபீஸாக ஏறி, 'தரிசு இல்லீங்க சாமி, மேய்ச்சல்' என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்ததை அவள் கண்ணால் பார்த்தவள். பார்த்தும் எழுதினாள். அதை நினைக்க அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

மணிமாறனிடம் போய் நின்றாள்.

"தப்புப் பண்ணிப்போட்டனுங்க. அதைத் திருத்தி அனுப்போணுங்க."

"நீ ஒண்ணும் தப்புப் பண்ணல. அவிங்க எழுதல, நீ போட்ட ஒன்பது சரி" என்றார் அவர், தலையைத் தூக்காமல். "இப்பப் போயி நம்ம தப்புன்னு சொன்னா, நாப்பத்தி ரெண்டையும் திருப்பி அனுப்புவானுங்க. நாலு பொண்ணுக வேலை போயிரும். பேசாம இரு சாமி."

அவர் கெட்டவர் இல்லை. அவள் பிரசவத்துக்கு மூணு மாசச் சம்பளத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தவர். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. வாசலுக்கு வந்து, சென்னைக் கம்பெனியில் இந்த வேலையைப் பார்க்கும் ஹெலன் மேடத்தைத் தானே கூப்பிட்டாள்.

ஹெலன் பொறுமையாகக் கேட்டார். அவரும் கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர் ஒருத்தர் இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

"உயிரினப் பாதுகாப்புன்னு தனி லேயர் இருக்குதுங்களே மேடம், அதுல இதைச் சேத்த முடியாதுங்களா?"

"அதுக்கான கணக்கெடுப்பு போன வருஷமே முடிஞ்சு லேயரை மூடிட்டோம், ரஞ்சிதா. ஆய்வுக் கப்பல் அவ்வளவு ஆழமில்லாத தண்ணிக்குள்ள வராது. அது போகாத இடத்துல எதுவும் பதிவாகலை. பதிவாகாததை நான் எப்படிச் சேர்க்க முடியும்?"

"ஊர்ச்சனங்க பாட்டன் காலத்துல இருந்து காப்பாத்தறாங்களாமுங்க."

"நம்பறேன். ஆனா நம்பிக்கைக்கு இதுல கட்டம் இல்லையே." ஹெலன் பெருமூச்சு விட்டார். "ஒண்ணு பண்ணலாம். பயன்பாட்டுக் கட்டத்தைத் திருத்த வழி இருக்கு. அந்த இடத்துல மீன் பிடிக்கிறாங்கன்னு கரையில இறக்கின எடைச்சீட்டு, போட்டோ, தேதியோட இருந்தா ஆட்சேபத்தோட இணைக்கலாம். அப்போ ஆய்வுக் குழு சின்னப் படகுல நேர்ல போய்ப் பார்க்கும். பார்த்தா புல் கண்ணுல படும் இல்லையா?"

ரஞ்சிதாவுக்குத் தலைக்கு மேலிருந்த பாறாங்கல்லை யாரோ பாதி தூக்கினது போல் இருந்தது. வழி இருக்கிறது. ஒரு காகிதம் போதும். காகிதத்தால் வந்ததைக் காகிதத்தாலேயே சரி பண்ணிவிடலாம் என்று நினைத்தாள். எட்டு வருசம் காகிதத்தோடு குடித்தனம் பண்ணினவள் வேறு எப்படி நினைப்பாள்? உடனே இன்பமேரியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அங்க மீன் புடிக்கற மாதிரி ஒரு சீட்டு, ரெண்டு போட்டோ இருந்தாப் போதுமுங்க. ஆளுக நேர்ல வந்து பாப்பாங்களாமுங்க."

"புடிக்கிறதே இல்லையே தங்கச்சி."

"ஒருக்காப் புடிச்சாப் போதுமுங்க்கா. ஒரே ஒருக்கா. பேருக்கு."

இந்த ஒரு வார்த்தையை அவள் பிற்பாடு எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை. மேப்பில் போட்ட ஒன்பது அவசரத்தில் போட்டது. இது ஆற அமர, நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் சொன்னது.

இன்பமேரி ஊரைக் கூட்டினாள். கோயில் வாசலில் மூணு நாள் சண்டை. மாதா கோபிப்பாள் என்று ஒரு பக்கம். மண்ணைக் கொட்டினால் பாயே இருக்காது, மாதா அதை மட்டும் பொறுப்பாளா என்று இன்னொரு பக்கம். கடைசியில் கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கையில், ஒரே ஒரு படகு, ஒரே ஒரு வலை என்று முடிவாயிற்று. பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டுப் போனார்களாம்.

ஆனால் கடலில் ஒரு படகு போவதைப் பத்துப் படகு பார்க்கும். பாயில் வலை போட்டுவிட்டார்கள் என்கிற சேதி மறுநாளே பக்கத்து ஊர்களுக்குப் போய்விட்டது. கொம்படித்துறைக்காரனே போட்டால் எங்களுக்கு மட்டும் என்ன நேர்த்தி என்று அவர்கள் இறங்கினார்கள். எப்படியும் மண்ணுக்கடியில் போகப் போகிற மீன்தானே என்று இவர்களிலேயே சிலர் இறங்கினார்கள். மூணாம் நாள் இழுவை மடி வலையோடு விசைப்படகுகள் வந்தன. அறுபது எழுபது வருசமாக ஒரு பேச்சுக்குக் கட்டுப்பட்டு நின்ற இடம் ஒரு வாரத்தில் கலைந்தது.

இன்பமேரி போட்டோ அனுப்பினாள். வலை பூராவும் பச்சை நாடா மாதிரி நீளநீளமாகப் பிடுங்கிய புல், வேரோடு, சேற்றோடு. அதற்குள் விரல் நீள மீன்கள். கூடவே எடைச்சீட்டும் வந்தது. கேட்ட காகிதம் எல்லாம் சரியாக இருந்தது.

"விக்கிற மாதிரி மீனே இல்ல தங்கச்சி" என்றாள் போனில். "எல்லாம் ஓராக் குஞ்சு. வந்தது பூரா சங்காயம்தான். கரையில கொட்டிக் காய வச்சு, கோழித் தீவனத்துக்கு எடுக்கிற வியாபாரிக்கு அள்ளிக் குடுத்தாச்சு."

சங்காயம் என்றால் என்னவென்று ரஞ்சிதாவுக்கு விளக்க வேண்டியதில்லை. அவள் காலுக்குக் கீழே பத்தடி ஆழத்தில் அதைத்தான் அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்சேபம் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. ஹெலன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். பங்குனியில் ஆய்வுக் குழு சின்னப் படகில் போனது, தண்ணீருக்குள் காமிரா விட்டுப் பார்த்தது. பார்த்ததை எழுதியது. இறுதித் திட்டத்தில் கொம்படித்துறைக்கு வந்த திருத்தம் ரஞ்சிதாவின் மேசைக்குத்தான் வந்தது, அவள்தானே தட்ட வேண்டும். பயன்பாடு: ஒன்பதை நீக்கி, ஒன்று. அதாவது மீன்பிடிப்பு. பயன்படுத்துவோர் கட்டத்தில் ஐந்து ஊர்ப் பெயர்கள். குறிப்பு: 'கடற்புல் தரை இழுவை வலைகளால் பெருமளவு சிதைந்துள்ளது. பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கும் தகுதி இல்லை. உயிரின முக்கியத்துவம் குறைவு என்பதால் மண் கொட்டும் இடத்தில் மாற்றம் தேவையில்லை.'

அவள் ஒரு எழுத்து விடாமல் தட்டினாள். தட்டாவிட்டால் அபிநயா தட்டுவாள், பக்கத்து நாற்காலிதான். எந்தக் கட்டமும் காலியாக இல்லை. மணிமாறன் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "எப்படியோ, உன்ற மனசுக்குத் திருத்தமாச்சுல்ல?" என்றார். நிஜமாகவே அவளைத் தேற்றத்தான் கேட்டார்.

சாயங்காலம் இன்பமேரிக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் தடவை அடித்தபோதுதான் இன்பமேரி எடுத்தாள்.

"தெரியும் தங்கச்சி. பஞ்சாயத்துக்குக் கடுதாசி வந்துருச்சு."

"அக்கா, நான்..."

"ஊர்ல என்னைத்தான் கேக்குறாங்க. யாரு சொல்லி நேர்த்திய மீறினேன்னு. புதுச்சத்திரத்துல ஒரு பொண்ணு சொன்னான்னு நான் சொல்லல. சொன்னா அவங்களுக்கு அது எங்கேன்னுகூடத் தெரியாது." என்றாள். "இனிமே கூப்பிடாத. உன் மேல கோவம் இல்ல. உன் குரலைக் கேட்டா அந்த வலைதான் ஞாபகம் வருது."

வைத்துவிட்டாள். ரஞ்சிதா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கீழே லோடு இறங்கியிருந்தது. வியாபாரி ஒரு மாசமாகச் சேர்த்து வைத்து ஏற்றிவிட்ட சரக்கு என்று டிரைவர் சொல்லிக்கொண்டிருந்தான். அங்கம்மாள் சாக்கைக் கொட்டி, முன்னால் உட்கார்ந்து, வழக்கமில்லாத எரிச்சலோடு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க்கா, இன்னும் கெளம்பலீங்களா?"

"எங்க கெளம்பறது? இந்தத் தடவ சரக்கு பூரா புல்லு. மிசின்ல சுத்திக்கும், ஒண்ணொண்ணா எடுக்கோணும்."

ரஞ்சிதா துப்பட்டாவை மூக்கில் கட்ட மறந்திருந்தாள். குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் அளவுக் கருவாடு, ஒரே அளவாக, ஆயிரக்கணக்கில். சார்ட் பேப்பரில் யாரோ கவனமாக வரைந்திருந்த அதே மீன். நடுநடுவே கறுத்துச் சுருண்ட நாடாக்கள். ஒன்றைக் கையில் எடுத்தாள். காய்ந்து போயிருந்தாலும் வேரில் கொஞ்சம் சேறு ஒட்டியிருந்தது.

"எங்கீருந்து வந்த லோடுங்க?" என்று டிரைவரைக் கேட்டாள்.

"கொம்படித்துறைங்க்கா. அங்க இப்ப மீன் மலிவு. ஆனா இனி அவ்வளவுதானாம், இதோட ஓஞ்சு போச்சுன்னாங்க."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கம்மாளுக்கு எதிரில் குத்த வைத்து உட்கார்ந்தாள். அங்கம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்குத்தான் நாறுமே?"

"ரெண்டு பேருமாப் பொறுக்கினாச் சீக்கிரம் முடிஞ்சுருமுங்க."

புல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். எறியவில்லை, அடுக்கி வைத்தாள். முழங்கால் உயரத்துக்குக் குவிந்தது. ஆறு மணி பஸ் போகிற சத்தம் ரோட்டில் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

"இதென்ன புல்லு ரஞ்சிதா? கடல்ல கூடவா புல்லு மொளைக்குது?"

"மொளைக்குமுங்க. மீனுக்குக் கொறங்காடு மாதிரிங்க."

அங்கம்மாள் ஒரு நாடாவை எடுத்து வாசனை பார்த்தாள், கிழித்துப் பார்த்தாள். "கோழியும் திங்காது, மாடும் திங்காது. ஒண்ணுத்துக்கும் ஆவாதது" என்று சொல்லி, ரஞ்சிதா அடுக்கி வைத்திருந்ததையும் சேர்த்து விளக்குமாற்றால் குப்பைக் குழிப் பக்கம் தள்ளினாள். பிறகு எழுந்து போய் மிசினைப் போட்டாள். ரஞ்சிதா இரண்டு கையாலும் மீனை அள்ளி அள்ளி அதன் வாயில் போட்டாள்.